மிஸ்டர் பிக்கரிங்கும் உன் புருஷனும்

அன்புள்ள ஜெம்மாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நியூசிலாந்துக் குளிரில் நீயும் சளி பிடிக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவின் முழங்கால் தேவலை. தூண்டில் புழு டப்பாவை ஃப்ரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன் என்று என்னோடு பேசாமல் இருந்தார், பசி வந்ததும் பேசிவிட்டார். போனில் நீ கத்தியதை எல்லாம் கேட்டுக்கொண்டேன், நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய், அதனால்தான் எழுதுகிறேன். ஆமாம், உன் புருஷனை ஆற்றில் தள்ளியது நான்தான். அவனுக்குக் கால் வழுக்கவில்லை, என் கை தவறிப் படவும் இல்லை. இரண்டு கையாலும் தள்ளினேன். ஏன் என்று அவன் உன்னிடம் சொன்னானா, நீயாவது கேட்டாயா?

உங்கள் கல்யாணம் அங்கேயே முடிந்துவிட்டது, ஆறு வருஷத்தில் நீயும் ஒரு தடவை வரவில்லை, ஹேமிஷ் இந்த வீட்டு வாசலை மிதித்தது இதுதான் முதல் முறை. பிரிஸ்டலில் வேலை முடிந்து வந்தவன், நானும் மீன் பிடிப்பேன் என்றதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. சீசன் திறந்து ஒரு வாரம்தான் ஆகிறது, சாயங்காலம் செவர்ன் ஆற்றங்கரைக்கு, அந்த வில்லோ மரத்தடிக்கே கூட்டிப்போனேன். என் நாற்காலியைக் கொடுத்தேன், என் தூண்டில் கம்பையும் கொடுத்தேன். கொக்கியில் டின் இறைச்சியைக் குத்தினால், "இது மீனுக்கா, நம்ம சாண்ட்விச்சுக்கா?" என்று கேட்டுச் சிரித்தான். உங்கள் ஊரில் இறகு கட்டிய கொக்கியை வீசி ட்ரவுட் பிடிக்கிற துரைகள் அல்லவா. போகட்டும் என்று விட்டேன். வெயில் தாழ்ந்த நேரத்தில் கம்பு வளைந்தது, அவன் அவசரப்படாமல் விட்டு விட்டு இழுத்தான், கைவலையில் ஏந்தியது நான். பெரிய பார்பெல் மீன். இடப்பக்க மீசை ஒன்று இல்லை, வால் மேல்முனையில் அந்த வெட்டு. ஜெம்மா, அது மிஸ்டர் பிக்கரிங்.

உனக்குப் படம் அனுப்பலாம் என்று என் பையிலிருந்து போனை எடுக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால் மீனைப் புல்லில் கிடத்தி, கழுத்தில் கை வைத்து, சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டைக் கட்டையை உருவிக்கொண்டிருக்கிறான் உன் புருஷன். மண்டையில் போடுவதற்கு. "வெண்ணெய்ல வறுத்தா ரெண்டு நாளைக்கு வரும், கிளெண்டா" என்கிறான். அப்போதுதான் தள்ளினேன். கட்டை ஆற்றோடு போயிற்று, போகட்டும் சனியன். இடுப்பளவுத் தண்ணீரில் எழுந்து நின்று "பைத்தியமா உங்களுக்கு?" என்று கத்தினான். எதிர்க்கரையில் உட்கார்ந்திருந்த எர்னி, "என்ன கிளெண்டா, இந்த வருஷம் மாப்பிள்ளையத் திருப்பி விடுறியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீன் சாய்ந்து கிடந்தது, செவுள் மட்டும் மெல்ல அசைந்தது. அதை அப்படியே அவன் கையில் இறக்கி, "தலைய ஓட்டத்துக்கு எதிரா வச்சுப் பிடி, அதுவா திமிறிப் போற வரைக்கும் விட்டுறாத, இங்க பிடிச்சத யாரும் திங்கிறதில்ல" என்றேன்.

பிடித்துக்கொண்டு நின்றான், அதையும் சொல்லத்தான் வேண்டும். பல் தந்தி அடிக்கிறது, கை மட்டும் ஆடவில்லை. நான் கரையில் நின்று திட்டித் தீர்த்தேன். இது யார் தெரியுமா, பதினாலு வயதில் ஜெம்மா கொட்டுகிற மழையில் பிடித்த மீன், கோணல் மீசைக் கணக்கு வாத்தியார் பேரை வைத்தாள், அது பொம்பளை மீன் என்று எர்னி சொன்ன பிறகும் பேரை மாற்ற மாட்டேன் என்றாள், திருப்பி விட்டுவிட்டு வீடு வரைக்கும் அழுதாள் என்றெல்லாம் சொன்னேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "ஜெம்மா மீன் பிடிப்பாளா?" என்றான்.

ஆறு வருஷம் கூட வாழ்ந்தவன் கேட்கிற கேள்வியா இது? "ஊர்ல சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லியிருக்கா" என்றான். ஒன்றுமே இல்லையா? இந்த ஆறு, என் புழு டப்பா, அப்பாவின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு உன் பக்கத்திலேயே மழையில் உட்கார்ந்திருந்த நான், எதுவுமே இல்லையா? அவன் தெரியாமல் செய்தான், அவன் மேல் கோபம் அன்றைக்கே போய்விட்டது. உன் மேல்தான் போகவில்லை. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கட்டையை அவன் பெட்டியிலேயே வைத்திருக்க மாட்டான். கடைசியில் மீன் ஒரு திமிறு திமிறி, அவன் முகத்தில் வாலால் தண்ணீர் அடித்துவிட்டுப் போயிற்று. போன பிறகும் அவன் கையைத் தண்ணீரிலேயே வைத்திருந்தான். வீடு வரும் வரை உன்னைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தான். நீ சொல்லியிருக்க வேண்டியதை எல்லாம் நான் சொன்னேன்.

இருவரும் நன்றாக இருங்கள், என் ஆசி உங்களுக்கு எப்போதும் உண்டு. கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. சேற்றில் புதைந்துபோன அவனுடைய இடது பூட்ஸை எர்னி மறுநாள், அவன் கிளம்பிப் போன பிறகு, தூண்டிலாலேயே எடுத்துக்கொடுத்தார். கழுவிக் காயவைத்திருக்கிறேன், தபாலில் அனுப்ப மாட்டேன். அடுத்த ஜூனில் சீசன் திறக்கும்போது நீயே வந்து எடுத்துக்கொண்டு போ. உன் கம்பு கொட்டகையில்தான் இருக்கிறது.

இன்னும் கோபத்தோடு,
உன் அம்மா கிளெண்டா