கேபினெட்டுக்குள் போகாத கார்டு

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே தெம்பாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். எனக்குத்தான் நாலு நாளாக இருப்புக் கொள்ளவில்லை, வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நான் பாதியிலேயே வைத்துவிடுவேன், அதனால்தான் கடிதம்.

அம்மாவின் சர்வே ஆபீஸில் வரைபடம் போடும் சாஃப்ட்வேரை மாற்றிவிட்டார்கள், நீ காலேஜ் படிக்கும்போது பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டரில் அது திறக்கவே இல்லை, புது கிராபிக்ஸ் கார்டு போட்டால்தான் ஓடுமாம், வெள்ளிக்கிழமைக்குள் மாதிரி வரைபடம் அனுப்பினால்தான் வீட்டிலிருந்து செய்யும் வேலை தொடரும் என்று சொல்லிவிட்டார்கள், இதெல்லாம் உனக்குத் தெரியும். கார்டு வாங்குமுன் உள்ளே எவ்வளவு நீளம் இடம், பவர் சப்ளை எத்தனை வாட், கார்டுக்குத் தனி கரண்ட் வயர் உண்டா, மூன்றையும் பாருங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாய், நானும் பார்த்தாச்சு என்றேன். பார்க்கவில்லை பாப்பா. முப்பது வருஷம் சந்து பொந்தெல்லாம் பஸ்ஸை நுழைத்தவன், கண்ணாலேயே அளந்துவிட்டேன். கடையில் இருந்ததிலேயே பெரிய கார்டாக வாங்கிவந்தேன்.

அம்மா கண் டாக்டரிடம் போன நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தேன். கார்டைச் செருகும் ஸ்லாட் சரியாக இருந்தது, ஆனால் கார்டு இரண்டு விரல் நீளம் கூடுதல், ஹார்டு டிஸ்க் இருக்கும் கூண்டில் போய் இடித்தது. கூண்டைக் கழற்றினால் தீர்ந்தது என்று கழற்றினேன், டிஸ்க் கைநழுவித் தரையில் விழுந்தது. அம்மா பதினோரு வருஷம் போட்ட வரைபடம் அத்தனையும் அதில்தான். எல்லாவற்றையும் பழையபடி மாட்டி மூடிவிட்டேன், ஆன் செய்து பார்க்கக்கூடத் தைரியமில்லை. அம்மா வந்து ஏன் ஒரு மாதிரி இருக்கிறீர்கள் என்று கேட்டாள், வெயில் என்றேன்.

மறுநாள் பெட்டியை ரிப்பேர் கடைக்குத் தூக்கிப்போனேன். கடைக்காரப் பெண் டேப்பால் அளந்தாள், பவர் சப்ளையின் ஸ்டிக்கரைப் படித்தாள், முந்நூறு வாட்தான், தனி வயரும் இல்லை, உள்ளே நுழைந்திருந்தாலும் இந்தக் கார்டு ஓடியிருக்காது ஐயா என்றாள். டிஸ்க்கைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டி அவள் சோதித்தபோது நான் வாசலில் நின்று போகிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஃபைல் எல்லாம் திறந்தது, ஆனாலும் விழுந்த டிஸ்க்கை நம்பாதீர்கள் என்று புதிதில் நகல் எடுத்துக்கொடுத்தாள். எந்தெந்தக் கார்டு சரிவரும் என்று ஆபீஸ் அனுப்பியிருந்த பட்டியலோடு ஒத்துப்பார்த்து, தனி வயர் கேட்காத குட்டிக் கார்டாக மாற்றிப் பூட்டினாள், நம் பழைய மானிட்டர் வயரின் நீல முனை அதில் சேராது என்று ஒரு கன்வெர்ட்டரும் தந்தாள்.

வீட்டில் சாஃப்ட்வேர் திறந்த பிறகுதான் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் மௌஸிலிருந்து கையை எடுக்காமலே, மேஜையடியில் கிடந்த ஸ்க்ரூவை அன்றைக்கே எடுத்து வைத்துவிட்டேன், நீங்கள் எப்போது வாயைத் திறப்பீர்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாள். மாதிரி வரைபடம் நேற்றே போய்விட்டது, பதில் இன்னும் வரவில்லை. அவள் நிம்மதியாகத் துணி மடிக்கிறாள், நான்தான் நடக்கிறேன்.

நல்ல உடம்பும் நல்ல மனசுமாக நீ நீண்டகாலம் இருக்கவேண்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன், முதுகுவலிக்கு டாக்டரைப் பார்த்துவிட்டேன் என்று போன வாரம் சொன்னாயே, நிஜமாகவே போனாயா? பொய் சொன்னவனுக்கு அந்தக் குரல் தெரியும். போய்விட்டு வந்து எழுது.

உன் பதிலுக்காக நடந்துகொண்டிருக்கும்,
அப்பா