முந்நூறிலிருந்து ஏழு ஏழாக

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே மூவரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை கேட்கப் போவதில்லை, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்து மாடி ஏறி இறங்குகிறார். சின்னவளுக்குத் தேர்வு முடிந்தது, பகல் பன்னிரண்டு வரை தூங்குகிறாள். வேடிக்கையாக இருக்கும் என்று நீ அனுப்பிய தாளை அப்பா ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, இருபத்தஞ்சாயிரம் அடி உயரத்துல நம்ம பையன் போட்ட கணக்கு என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். விமானமே ஏறவில்லை, தரையில் ஓர் இரும்பு அறைக்குள் உட்காரவைத்துக் காற்றைக் குறைத்து, புத்தி எப்போது தடுமாறுகிறது என்று பார்க்கச் செய்த பரிசோதனை அது என்றால் காதில் விழுவதில்லை. அண்ணனுக்குக் காத்து இருந்தாலே கணக்கு வராதேப்பா என்கிறாள் சின்னவள். எல்லாரும் சிரித்தோம், நானும்தான்.

பிறகு, கல்லூரியில் இருபது வருடமாக விடைத்தாள் திருத்திய பழக்கத்தில் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். முந்நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லியிருக்கிறார்கள். 258 வரை சரி. அடுத்தும் 258, அதற்கடுத்தும் 258. சுழித்துக்கொண்டே வந்தேன். கடைசி வரியில் 'நல்லா இருக்கேன்' என்று இருந்தது. ஆக்சிஜன் முகமூடியை மாட்டு என்று பயிற்சியாளர் மூன்று முறை சொல்லியும் நீ சிரித்துக்கொண்டே இருந்தாய், அவரே மாட்டிவிட்டார் என்று எழுதியிருந்தாயே, அந்த நேரத்தில் எழுதியது. எண்கள் கோணிப்போயிருக்கின்றன. அந்த இரண்டு சொல் மட்டும் கோணவில்லை. உன் வழக்கமான கையெழுத்து. அன்றே உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். விடுதியில் மஞ்சள்காமாலையோடு பதினான்கு நாள் கிடந்தபோதும் இதே எழுத்தில் இதையேதான் எழுதியிருக்கிறாய். இப்போது எதை நம்புவது என்று தெரியவில்லை. தண்ணீர் எடுக்கப் போனால் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து நல்லா இருக்கேன் என்கிறாய். நேற்று வகுப்பில் ஒரு கணக்குக்கு விடை 258 என்று வந்தது, கரும்பலகையில் கை அப்படியே நின்றுவிட்டது.

அடுத்த வாரம் முதல் தடவையாக அவ்வளவு உயரத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கப் போகிறாய். போகாதே என்று சொல்ல மாட்டேன், சொல்லி நீ எதையும் கேட்டதில்லை. ஒன்றே ஒன்று. விமானத்தின் ஆக்சிஜன் குழாயைக் கழற்றி உன் சிலிண்டருக்கு மாறுகிற சில நொடிகளில் உனக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றினால், அதை நம்பாதே. கூடக் குதிக்கிறவன் உன் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்றால் வீராப்புக் காட்டாமல் உட்கார்ந்துவிடு.

சாமியிடம் சொல்லிக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை, அப்பா எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறார். என் ஆசி எப்போதும் உண்டு. இறங்கியதும் கடிதம் போடு. நல்லா இருக்கேன் என்று எழுதாதே. முந்நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்து, முடிகிறவரை எழுதி அனுப்பு. கடைசியில் ஆறு மிஞ்ச வேண்டும். அதைப் பார்த்தால் எனக்குப் போதும்.

அம்மா