என் மூளையின் வேகம் சரிதானாம், நங்கையா

திட்டித் திட்டியே என்மேல் பாசம் வைத்த நங்கையாவுக்கு,

உங்கள் மகள் கவிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஏழாம் மாதம் நம் வீட்டுக்கு வந்தவள், "அத்தை, கொழந்தைக்கு நீங்கதான் தண்ணி வாக்கோணும்" என்றாள். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு அவள் குழந்தையைக் குளிப்பாட்ட வேறு யார்? ஆனால் என் வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. டம்ளர் நழுவியது, கரண்டி நழுவியது. நாளைக்குக் குழந்தையும் நழுவினால்?

உங்கள் தம்பி, அதுதான் என் வீட்டுக்காரர், காந்திபுரத்தில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனார். கழுத்தெலும்பு நரம்பை அழுத்துகிறதோ என்று அந்தம்மாவுக்குச் சந்தேகம். என் தலைமேல் ஒரு வளையத்தைப் பிடித்தார். 'டக்' என்று சத்தம். கட்டைவிரல் தானாகத் துள்ளியது!

"நான் ஆட்டலைங்க டாக்டர்!" என்று கத்திவிட்டேன்.

"தெரியும்ங்கம்மா. மிஷின் மூளையைத் தூண்டுது, கை ஆடுது. அது வந்து சேர எவ்வளவு நேரமாகுதுன்னு பாக்கறோம்."

அப்புறம் கழுத்திலும் அதே 'டக்'. முதல் நேரத்திலிருந்து இதைக் கழித்தால், மூளையிலிருந்து கழுத்துக்கு வரும் நேரம் தெரியுமாம்.

உங்கள் தம்பி சும்மா இருப்பாரா? "ஏனுங்க டாக்டர், வாயை நிறுத்தறதுக்கு இதுல ஏதாச்சும் பட்டன் இருக்குதுங்களா?"

முடிவு என்ன தெரியுமா? தலையிலிருந்து கழுத்து வரைக்கும் வேகம் சரி. அடுத்துப் பார்த்த மணிக்கட்டில்தான் நரம்பு நெரிபட்டுத் தாமதமாம்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை டியூப்லைட் என்றீர்களே! டாக்டரை இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லச் சொன்னேன்.

"என்ற அக்கா இருந்திருந்தா, மிஷினு ரிப்பேருன்னு சொல்லிப்போடும்" என்று உங்கள் தம்பி சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே வந்ததும் ஏனோ கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஜெயித்துவிட்டேன், ஆனால் எதிர்த்துப் பேச நீங்கள் இல்லையே!

மணிக்கட்டில் சின்ன ஆபரேஷன்தான். பிரசவத்துக்குள் கை தேறிவிட்டது. நேற்று குழந்தைக்கு நானே தண்ணீர் வார்த்தேன். பிடி நழுவவே இல்லை. ஆனால் அவள் போட்ட கூச்சலில், "ஏனுங்க, என்னாச்சு?" என்று பக்கத்து வீட்டம்மா ஓடி வந்துவிட்டார். அந்தத் தொண்டை யாருடையது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஒன்று மட்டும் உறுதி, நங்கையா. இவளை வாயாடி என்று யார் சொன்னாலும் விடமாட்டேன். அந்த உரிமை எனக்கு மட்டும்தான்.

உங்கள் வாய்க்கு ஈடுகொடுத்த
தம்பி பொண்டாட்டி,
சரசு