நாவலில் காணாமல் போன பெரியவர்

ஜூன் 4

மாடி ஒழுகுகிறதாம். ஓடு மாற்ற வேண்டுமென்றால் முன்கூடத்தைப் பல் டாக்டருக்கு வாடகைக்கு விட வேண்டுமாம். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான் மகன். தாத்தா உட்கார்ந்து ஊர் வழக்கைத் தீர்த்த கூடத்தில் எவனோ வாயைப் பிளந்துகொண்டு கிடப்பதா? முடியாது என்றேன்.

மருமகள் ஒரு பழைய நாவலை மேஜையில் வைத்தாள். "படிங்க மாமா, நம்ம வீட்டுக் கதை மாதிரியே இருக்கு."

குத்திக்காட்டுகிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். தடிப் புத்தகத்துக்குப் பயந்தவனல்ல.

ஜூன் 7

நாவலில், நிலமெல்லாம் போன ஒரு பெரிய குடும்பம். ஆனால் பெரியவர் அசையவில்லை. குதிரை இல்லாத வண்டியைத் தினமும் துடைக்கச் சொல்கிறார். மனிதன் என்றால் இவன்! மகள்தான் சரியில்லை, வீட்டை விடுதியாக்கத் துடிக்கிறாள்.

"அந்தப் பொண்ணு குடியைக் கெடுக்க வந்தவ" என்றேன், சாப்பிடும்போது.

"அவதான் மாமா உலை வைக்கிறா. பெரியவரு வண்டியவா திம்பாரு?"

மகன் தட்டைப் பார்த்துச் சிரித்தான்.

ஜூன் 8

யாரோடும் பேசவில்லை.

ஜூன் 11

நாவலில் விடுதி திறந்துவிட்டார்கள். பெரியவர் மாடியறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார். சபாஷ்! நானும் அப்படியே செய்தேன். தலைமாட்டு வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. சொட்டட்டும்.

ஜூன் 13

பெரியவரைக் காணவில்லை! நாற்பது பக்கம் புரட்டிவிட்டேன். விடுதிக்கு யார் யாரோ வருகிறார்கள், சண்டை போடுகிறார்கள், காதலிக்கிறார்கள். பெரியவர் மேலேதானே இருக்கிறார்? சாப்பிட்டாரா? இவ்வளவு பெரிய மனுஷனை எழுதினவன் அப்படியே விட்டுட்டானே, பாவி!

கதவைத் திறந்து மருமகளைக் கேட்டேன்.

"அவரா? கடைசி வரைக்கும் வரவே மாட்டாரு மாமா. கதவைச் சாத்திக்கிட்டவரைப் பத்தி என்னத்தை எழுதுறது?"

அவள் இறங்கிப் போனதும் கீழே இருவரும் எதற்கோ சிரித்தார்கள். என்னைப் பற்றிக்கூட இல்லை. அதுதான் பொறுக்கவில்லை.

ஜூன் 14

இறங்கிப் போய் நிபந்தனை சொன்னேன். டாக்டர் வரட்டும். ஆனால் கூடத்தில் வாசலுக்கு நேரே கிடக்கும் என் நாற்காலி ஓர் அங்குலம் நகராது.

"நீங்களும் நகர வேணாம் மாமா."

என்ன திமிர்!

ஜூலை 2

டாக்டர் சின்னப் பெண். வருகிறவர்களோ நேரே என்னிடம்தான் வருகிறார்கள். "ஐயா, உள்ள போகலாமா?" கன்னம் வீங்கிய ஒருவன் முந்தப் பார்த்தான். "உக்காருப்பா. வந்த வரிசைப்படிதான்." உட்கார்ந்தான். முனகக்கூட இல்லை.

சாயங்காலம் கிளம்பும்போது டாக்டர் சொல்கிறாள்: "நாளைக்குக் கூட்டம் ஜாஸ்திங்கய்யா, ஒன்பது மணிக்கெல்லாம் வந்திருங்க."

என் வீட்டுக்கு என்னையே வரச்சொல்கிறாள்!

எட்டரைக்கே போய் உட்கார்ந்துவிட வேண்டும்.