தார் மேல் நின்ற வண்டிகள்

மச்சான்,

சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. தட்டோடு எழுந்து வாசலுக்கு ஓடிப் பாலத்துப் பக்கம் எட்டிப் பார்த்தேன். சாலையில் ஒரு நாய்கூட இல்லை. உள்ளேயிருந்து சின்னவள் சிரித்தாள். "நைனா, அது என் போன்ல. கேம் நைனா." முழங்கை வரை நண்டுக் குழம்பு வழிய நின்றேன். அந்தச் சத்தத்துக்கு எழுந்து ஓடுகிறவன் இந்த ஊரில் இப்போது நான் ஒருவன்தான்.

கை கழுவிவிட்டு, என்ன கேம் என்று கேட்டேன். ஃபுட்பால் என்றாள். ஆனால் பந்தை நாம் உதைக்க வேண்டியதில்லையாம். மேட்ச் அன்றைக்கு ஸ்டேடியத்தை நாம் நடத்த வேண்டுமாம். எந்த கேட்டை எப்போது திறப்பது, பஸ் எங்கே நிற்பது, இரண்டு டீமின் ஆட்களை எப்படி முட்டிக்கொள்ளாமல் உள்ளே கொண்டுவருவது, தண்ணீர், கக்கூஸ், தீனிக்கடை எல்லாம் நம் பொறுப்பு. ஆடுகிறவர்கள் நடுவில் எறும்பு மாதிரி ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் கண்டுகொள்ளவே இல்லை. இதற்கெல்லாமா கேம் போடுவார்கள் என்று வாய் பிளந்தேன். உடனே நீ ஞாபகத்துக்கு வந்தாய். காதில் பென்சில், தலையில் ஈரத் துண்டு, மேலே சட்டை கிடையாது. மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையேறிக் கிடக்கும்போது, சவுக்குத் தோப்புக்குப் பக்கத்து மணல் மைதானத்தில் வருசா வருசம் நீ செய்துகொண்டிருந்தது இதைத்தானே?

அந்த மைதானத்தில் மேற்கு ஓரத்தில் மட்டும்தான் நிழல். அதற்கு அடிதடி நடக்கும். ஏரியில் எந்த நாள் எந்த ஊர் வலை போடுவது என்று முறை பிரித்துக்கொள்வதைப் பாடு என்கிறோமே, அந்தப் பாடு முறையை நீ நிழலுக்கும் போட்டாய். முதல் மேட்சுக்கு நிழல் கோட்டைக்குப்பத்துக்கு, அடுத்ததற்கு நமக்கு. மைக்கில் வேறு அறிவித்தாய். "நெழலுக்குப் பாடு வுட்ட ஊரு ஒலகத்துலயே இது ஒண்ணுதான். வெயில்ல குந்திகினு இருக்கிறவங்க பெருமைப்படுங்க!" திட்டிக்கொண்டே உட்கார்ந்தார்கள். ஆனால் உட்கார்ந்தார்கள்.

எனக்கு நீ கொடுத்தது வண்டி வேலை. "உனக்குப் பந்து குடுத்தா தடுக்கி வுழுவ. விசில் குடுத்தா ஊதவாவது ஊதுவ" என்று ஒரு விசிலையும் ஒரு கோணி நிறைய உடைந்த ஓட்டுத் துண்டுகளையும் கையில் கொடுத்தாய். ஓடு எதற்கு என்று நான் கேட்க, நீ தலையில் அடித்துக்கொண்டாய். மணலில் பைக்கை நிறுத்தினால் ஸ்டாண்ட் உள்ளே இறங்கி வண்டி சாய்ந்துவிடும். அதனால் வருகிறவன் எல்லாம் தார் ரோட்டிலேயே நிறுத்தப் பார்ப்பான். ஸ்டாண்டுக்கு அடியில் ஓடு வைத்தால் மணலிலும் வண்டி நிற்கும். பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்ட எனக்கே அது புரிந்தது. "தார் மேல ஒரு சைக்கிள்கூட நிக்கக் கூடாது மச்சான். அது நம்ம எடம் இல்ல, வழி" என்றாய்.

சின்னவளின் போனை வாங்கி நானும் ஆடிப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே ஆட்கள் சேரச் சேர அவர்கள் தலைக்கு மேல் சிவப்பாய் ஒரு கோப மூஞ்சி வருகிறது. எனக்கு அது தாங்கவில்லை. ஒரு கேட்டைத் திறந்தேன். அடுத்ததையும் திறந்தேன். ஓரமாய் மஞ்சள் கோடு போட்டு ஒரு வழியைக் காலியாக விட்டிருந்தார்கள். அதையும் திறந்துவிட்டேன். எல்லா மூஞ்சியும் பச்சையாகி எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. உடனே ஆம்புலன்ஸ் சத்தம் வந்தது. மஞ்சள் வழி முழுக்க ஆள். ஆட்டம் முடிந்தது.

"இன்னா நைனா, அவனெல்லாம் உன் மாமன் மச்சானா? கேட்ட உடனே தொறக்கிற?" என்றாள் சின்னவள். "மொறைச்சா மொறைச்சிகினு நிக்கட்டும்னு வுடு. மறுபடி ஆடு."

மறுபடி ஆடினேன். மூன்று தடவை ஆடினேன். மூன்று தடவையும் அதே வழியைத் திறந்துவிட்டேன்.

போன தடைக்காலத்து ஃபைனல் அன்றைக்கு நடந்தது இதுதான் மச்சான். உனக்குத் தெரியாததை எழுதுகிறேன். கோணியில் இருந்த ஓடு மணலில் புதைந்தும் நொறுங்கியும் செமிஃபைனலிலேயே தீர்ந்துவிட்டது. உன்னிடம் சொல்லியிருந்தால் எங்கிருந்தாவது கொண்டுவந்திருப்பாய். சொன்னால் திட்டுவாயே என்று சொல்லவில்லை. அப்போதுதான் என் அக்கா மருமகன் புது வண்டியில் வந்தான். பின்னால் உட்கார்ந்திருந்த அவன் மனைவிக்கு ஏழாம் மாதம். "மாமா, மண்ணுல வுட்டா சாஞ்சிடும் மாமா. பத்து நிமிசம், தார் மேல வுட்டுக்கிறேன்." வீட்டு மாப்பிள்ளையிடம் எப்படி முடியாது என்பது? விட்டேன். அடுத்து வந்தவன், "அவனுக்கு மட்டும் வுட்ட, நான் இன்னா தொக்கா?" என்றான். அவனுக்கும் விட்டேன். அப்புறம் யாரும் கேட்கவே இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். நானும் சிரித்தேன். விசில் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் பாதியில் நீ கார்னர் கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாய். வெயிலுக்கு உட்கார்ந்தாய் என்று நினைத்தோம். பிறகு படுத்தாய். யாரோ போன் செய்தார்கள். ஆட்டம் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. பாலத்தைத் தாண்டி, வளைவைத் தாண்டி, நம் ஊர் முனை வரை வந்து நின்றது. அதற்கு மேல் தார் தெரியவில்லை. வண்டிகள்தான் தெரிந்தன. எல்லாம் ஹேண்டில் பூட்டு போட்டவை, சாவியெல்லாம் மைதானத்தில். நான் விசிலை ஊதினேன். உயிர் போகிற மாதிரி ஊதினேன். மைதானத்தில் ஃபவுல் என்று நினைத்து ஆட்டத்தை நிறுத்திவிட்டு ரெஃப்ரியைத் திட்டினார்கள். ரெஃப்ரி, "நான் ஊதலடா, நான் ஊதல" என்று கத்தியது எனக்கு ரோடு வரைக்கும் கேட்டது. வேறொரு நாளாக இருந்தால் அதைச் சொல்லிச் சொல்லி நாம் வருசம் பூராவும் சிரித்திருப்போம்.

டிரைவர் இறங்கி, "யாருய்யா இங்க வண்டி வுட்டது? வழி வுடுங்கய்யா" என்று ஒவ்வொரு வண்டியாக இழுத்துப் பார்த்தான். ஒல்லியான ஆள். முடியவில்லை. விருந்தினருக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உன்னை உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மணலில் கால் புதைந்து புதைந்து வந்தார்கள். ரோட்டுக்கு வந்ததும் அந்த வண்டி வரிசையை நீ பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். "இன்னா மச்சான்" என்றாய். அவ்வளவுதான். அது திட்டா, விசாரிப்பா, இத்தனை நாளாகியும் எனக்குப் பிடிபடவில்லை.

கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வார்கள் என்று ஊரில் சொன்னார்கள். நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன்.

உன் வீட்டில் பதினாறாம் நாள் சாப்பாட்டின்போது உன் மனைவி எல்லார் முன்னாலும் அந்த டிரைவரைச் சபித்தாள். "வழி தெரியாம சுத்திகினு வந்தான், நேரத்துக்கு வரல. அவன் நல்லா இருப்பானா?" என்றாள். பந்தியில் இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். தார் மேல் வண்டி விட்டவர்களில் பாதிப் பேர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். நானும் உச்சுக் கொட்டினேன். இரண்டாம் தடவை ரசம் வாங்கிக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அடுத்த வாரம் தடைக்காலம் தொடங்குகிறது. இந்த வருசம் உன் பெயரில் கோப்பை. நடத்துகிற பொறுப்பு என் தலையில். உன் கூடவே இருந்தவன் என்று ஒரே குரலில் தேர்ந்தெடுத்தார்கள். வேண்டாம் என்றேன். அடக்கம் என்று கை தட்டினார்கள்.

கேம் ஆடிய மறுநாள் காலையில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். உட்காராமலே சொன்னேன். "தங்கச்சி, அந்த டிரைவர் மேல தப்பு இல்லம்மா. அவன் வந்துட்டான். தார் மேல வண்டிங்கள நிக்க வுட்டு வழிய அடைச்சது நான்தான்."

அவள் தலை நிமிரவில்லை. கை மட்டும் நின்றது.

"தெரியும்ணா" என்றாள்.

நான் அப்போதுதான் உட்கார்ந்தேன்.

"அதுல நாலாவது வண்டி எங்க அண்ணனோடது. அதுக்குப் பின்னாடி எங்க சித்தப்பா மவனோடது. யாருன்னு சொல்றது, யார வுடறது? நான் வாயத் தொறந்தா இந்த ஊர்ல எந்த ஊட்டுக்கும் போவ முடியாது. எம் பொண்ணு கல்யாணத்துக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க." மறுபடி உரிக்கத் தொடங்கினாள். "அந்த டிரைவரு வெளியூரு. அவனத் திட்டினா யாருக்கும் வலிக்காது."

"அவனுக்கு?" என்றேன்.

"அவனுக்கு இது காதுல வுழப்போவுதாண்ணா? நீங்க போயி மேட்ச்ச நடத்துங்க. கோப்பைய நான் வந்து குடுக்கிறேன். இத வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க."

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். சொல்லி அழுதால் ஆறும் என்று நினைத்துத்தான் போனேன் மச்சான். ஊருக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும். யாருக்குமே முடியாது என்று சொல்லத் தெரியாதவனை வேறு எதற்குப் பொறுப்பில் வைப்பார்கள்? இந்த வருசமும் தார் மேல் வண்டி நிற்கும். நான் பார்த்துக்கொண்டுதான் நிற்பேன். அதை மாற்றிவிடுவேன் என்று உன்னிடம் பொய் எழுத மனம் வரவில்லை.

போன மாதம் மீஞ்சூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு ஆம்புலன்ஸ் நின்றது. சக்கரத்தில் சாய்ந்து ஒல்லியாய் ஒருவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவன்தானா என்று எனக்கு உறுதியில்லை. இரண்டு தடவை அவனைத் தாண்டி நடந்தேன். மூன்றாம் தடவை அவனே என்னைப் பார்த்து, "இன்னாண்ணா, வழி தெரியலையா?" என்று கேட்டான். ஸ்டேஷன் எங்கே என்று கேட்டேன். ஸ்டேஷன் எனக்குப் பின்னால்தான் இருந்தது. அவன் சிரிக்காமல் கையைக் காட்டினான். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இங்கே யாரிடமும் சொல்ல முடியாது. உனக்காவது எழுதி வைக்கிறேன். அவன் நேரத்துக்கு வந்தான் மச்சான்.