சாரி-தாலாவுக்குப் போய்ச் சேராத செய்தி

மார்ச் 9

காலை முழுவதும் அறுவை சிகிச்சை வார்டு. கையுறை மாற்றி மாற்றி விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்துவிட்டது. மத்தியானம் காண்டீனில் லக்மான் நூடுல்ஸ் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடிக்கொண்டிருந்தபோது ஆய்வுக் கூட்டாளி பெக்தூர் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்தான்.

"ஏய் செஸிம்! நம்ம நாய்ப்புழு சமர்கந்து போகுது!"

காண்டீனே திரும்பிப் பார்த்தது. சர்வதேச மாணவர் அறிவியல் மாநாடு. எங்கள் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். மருத்துவக் கல்லூரி ஐந்தாம் ஆண்டில் எங்கள் இருவருக்கு மட்டும்தான். மேசையில் இருந்த ரொட்டியைப் பிய்த்து அவன் வாயில் திணித்தேன். இல்லாவிட்டால் இன்னும் கத்தியிருப்பான்.

அக்டோபரில் எங்கள் ஓஷ் நகருக்குத் தெற்கே அலாய் மலைக் கிராமங்களில் இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளை ஸ்கேன் செய்தோம். நாயிடமிருந்து வரும் புழு முட்டை வயிற்றுக்குள் போனால் கல்லீரலில் நீர்க்கட்டியாக வளரும். ஒன்பது பிள்ளைகளுக்கு இருந்தது. எனக்குத் தெரிந்து நான் செய்த முதல் உருப்படியான வேலை இதுதான்.

மார்ச் 14

ஸ்லைடுகளுக்குப் படம் தேர்ந்தெடுத்தோம். எண்பத்தேழாம் எண்ணின் படம்தான் இருப்பதிலேயே தெளிவு. எட்டு சென்டிமீட்டர். வட்டமாக, கருப்பாக, விளிம்போடு, பாடப்புத்தகத்துக்கு எடுத்தது போல.

அந்தப் பெண்ணை நினைவிருக்கிறது. சாரி-தாலா பள்ளிக்கூடம். ஒன்பது வயது, பெயர் ஐதுர்கான். வயிற்றில் தடவிய பசை குளிர்கிறது என்று நெளிந்து நெளிந்து சிரித்தாள். "அக்கா, உள்ள என்ன தெரியுது?" என்று கேட்டாள். "காலையில தின்ன ரொட்டி தெரியுது"ன்னு சொன்னேன். வேறென்ன சொல்வது? படங்களை நிபுணர் பார்த்து உறுதி செய்யும்வரை மாணவர்கள் யாரிடமும் எதுவும் சொல்லக்கூடாது என்பது எங்கள் துறை ஆசிரியை நஸீரா எசெனோவ்னாவின் கட்டளை. நவம்பரில் உறுதி செய்து கொடுத்தார்கள். ஐந்து வீடுகளுக்குச் சொல்வது பெக்தூர் பொறுப்பு, நான்கு என் பொறுப்பு.

இன்று அவன் கேட்டான்: "எல்லா வீட்டுக்கும் சொல்லியாச்சுல்ல? நடுவருங்க கண்டிப்பா கேப்பாங்க."

"சொல்லியாச்சு" என்றேன்.

மூன்று வீடுகளுக்குச் சொல்லிவிட்டேன். மூன்று பிள்ளைகளும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். நான்காவது வீடு சாரி-தாலா. நவம்பரில் இரண்டு முறை அங்குள்ள நர்சைக் கூப்பிட்டேன், லைன் போகவில்லை. அப்புறம் பரீட்சை. அப்புறம் பனி. அப்புறம் —

ஏன் அப்படிச் சொன்னேன்? "இன்னும் ஒண்ணு பாக்கி"ன்னு சொல்லியிருந்தா அவன் திட்டியிருப்பான், அவ்வளவுதானே. நாளைக்கே கூப்பிட்டுவிடுவேன். அதன் பிறகு நான் சொன்னது உண்மையாகிவிடும்.

மார்ச் 15

நேரமில்லை.

மார்ச் 23

நோருஸ் புத்தாண்டு விடுமுறை முடிந்தது. நர்சின் எண்ணுக்குப் போட்டேன். இந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லையாம். கிராம அலுவலகத்தின் எண்ணை யாரிடமாவது கேட்க வேண்டும்.

நஸீரா எசெனோவ்னா ஸ்லைடுகளை மூன்றாவது முறையாக மாற்றச் சொல்லிவிட்டார். "எழுத்து கம்மியா இருக்கணும், படம் பேசணும்" என்கிறார்.

மாநாடு முடிந்ததும் நேரிலேயே போய்விடுவேன். மெதுவாக வளரும் நோய். வருஷக்கணக்கில் சும்மா இருக்கும். புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கிறது.

ஏப்ரல் 2

ரயிலில் எழுதுகிறேன். காலையில் எல்லை தாண்டினோம், அந்திஜானில் ரயில் பிடித்தோம். வழியெல்லாம் பாதாமி மரங்கள் பூத்துக் கொட்டுகின்றன. பெக்தூர் மூன்று சம்சா தின்றுவிட்டு, எதிரில் உட்கார்ந்திருந்த உஸ்பெக் அம்மாவுக்கு எங்கள் கட்டுரையை முழுவதும் பேசிக் காட்டினான். அந்தம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரி தம்பி. அந்த நாய்ங்களுக்கு யாரு மருந்து குடுக்கறது?"

கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

ஏப்ரல் 3

மத்தியான உணவு வரிசையில் நின்றிருந்தேன். கழுத்தில் பெயரட்டை. முன்னால் போலந்துப் பையன்கள் இருவர் பிலாவ் சோற்றை எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது ஏதோ தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"டாக்டரம்மா, சாரி-தாலாவுலேருந்து நர்ஸ் துர்சுனாய் பேசறேன். அன்னிக்குப் பள்ளிக்கூடத்துல உங்க நம்பர எழுதிக் குடுத்துட்டுப் போனீங்கல்ல, டீச்சர் வெச்சிருந்தாங்க."

சந்தோஷமாகத்தான் இருந்தது முதலில். நானே தேடிக்கொண்டிருந்த ஆள். "அக்கா, நானே உங்களைக் கூப்பிடணும்னு —"

"ஐதுர்கான்னு ஒரு பொண்ணு. முந்தாநேத்து கன்னுக்குட்டிய அவுக்கப் போயிருக்கா. அது வயித்துல முட்டிருச்சு. கொஞ்ச நேரத்துல உடம்பெல்லாம் தடிச்சுப் போய், மூச்சு இழுக்க ஆரம்பிச்சுருச்சு. வண்டியில போட்டு எடுத்துட்டுப் போனோம். மாவட்ட ஆஸ்பத்திரி வாசல்ல உயிர் போயிருச்சு டாக்டரம்மா. ஈரல்ல தண்ணிக்கட்டி இருந்திருக்காம், அது வெடிச்சிருச்சாம். நேத்து அடக்கம் பண்ணியாச்சு."

துர்சுனாய் அக்கா இன்னும் பேசினாள். "நீங்க அப்ப வந்து பாத்தீங்களே, ஒண்ணுமில்லன்னுதானே போனீங்க? அம்மாக்காரி குல்பாரா அதையேதான் கேட்டுக்கிட்டு இருக்கா. டாக்டருங்க பாத்தாங்களே, டாக்டருங்க பாத்தாங்களேன்னு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "படத்தைப் பாத்துட்டுச் சொல்றேன்கா."

படம் என் தோளில் தொங்கிய கணினிக்குள் இருந்தது. ஏழாவது ஸ்லைடு.

அதே நாள், மாலை

பெக்தூரிடம் சொன்னேன். விடுதி முற்றத்தில் மல்பெரி மரத்தடியில். அவன் முதலில் புரியாமல் விழித்தான்.

"சொல்லியாச்சுன்னியே."

"மூணு வீட்டுக்குச் சொன்னேன்."

"நான் கேட்டேன் செஸிம். மூஞ்சிக்கு நேரா கேட்டேன். நீ ஆமான்னே."

"ஆமா."

"இல்லன்னு சொல்லியிருந்தா நானே வண்டி பிடிச்சுப் போயிருப்பேனே! ஒரு நாள்! ஒரே நாள் வேலை!"

எழுந்து போய்விட்டான். எதற்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு வைத்திருப்பவன். இன்று ஒன்றுமில்லை.

நஸீரா எசெனோவ்னாவைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். பிறகு, "எல்லாரையும் சிகிச்சைக்கு அனுப்பினோம்னு ஒரு வரி போதும். மத்ததை ஊருக்கு வந்து பேசிக்கலாம். அங்க போய் உளறி வெக்காதே" என்றார்.  அவருக்கும் பயம்.

எட்டு சென்டிமீட்டர். மேல்பரப்பை ஒட்டி. வயிற்றில் லேசாக அடிபட்டால்கூட வெடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். மெதுவாக வளரும் என்ற வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டேன். அடுத்த வரி வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 4

எங்கள் முறை பதினொன்றரைக்கு. முதல் பாதி பெக்தூர் பேசினான். நன்றாகவே பேசினான். என் பக்கம் திரும்பவே இல்லை. ஏழாவது ஸ்லைடு என்னுடையது. திரை முழுக்க அந்தக் கருவட்டம். கூட்டத்தில் யாரோ "ஆகா" என்றார்கள். அவ்வளவு நல்ல படம்.

கேள்வி நேரம். நடுவர்களில் ஒரு பெண்மணி, ரிகாவிலிருந்து வந்தவர், ரஷ்ய மொழியில் கேட்டார்: "இந்த ஒன்பது பிள்ளைங்களுக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

ஒரு வரி போதும். அந்த வரி நாக்கு நுனிவரை வந்தது.

"எட்டுப் பேர் சிகிச்சையில இருக்காங்க. இந்தப் படத்துல இருக்கிற பிள்ளை மூணு நாள் முன்னாடி இறந்துட்டா. அக்டோபர்லயே கண்டுபிடிச்சோம். அவ வீட்டுக்குச் சொல்ல வேண்டியது நான். சொல்லல. சொல்லிட்டேன்னு கூட்டாளிகிட்ட பொய் சொன்னேன்."

 நேரம் பார்ப்பவர் மணியடிக்கக் கையைத் தூக்கி அப்படியே வைத்திருந்தார். பெக்தூர் போய்க் கணினியை மூடினான். படம் மறைந்தது.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். ரிகா அம்மா வந்து பக்கத்தில் நின்றார். தேற்ற வந்திருக்கிறார் என்று நினைத்தேன். தைரியமாகச் சொன்னாய் என்பார் என்றுகூட — வெட்கமாக இருக்கிறது — எதிர்பார்த்தேன்.

"அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு யாரு சொன்னது?"

"இன்னும் யாரும் சொல்லல."

"அப்ப நீ தப்பான ரூம்ல சொல்லியிருக்கே" என்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

ஏப்ரல் 5

பரிசுப் பட்டியல் ஒட்டினார்கள். எங்கள் பெயர் இல்லை. ரயிலில் பெக்தூர் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டான்.

ஏப்ரல் 8

சாரி-தாலா போய் வந்தேன். ஏழாம் நாள் படையல் அன்று காலையில்தான் முடிந்திருந்தது. பெண்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். துர்சுனாய் அக்கா என்னை உள்ளே அழைத்துப்போய், "ஓஷ்லேருந்து வந்திருக்காங்க" என்று மட்டும் சொன்னாள்.

குல்பாராவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. தலையில் கருப்புத் துணி கட்டியிருந்தாள். டாக்டர் வந்திருக்கிறாரென்று மெத்தையை விரித்து விருந்தாளிக்கான இடத்தில் உட்காரச் சொன்னாள். தேநீர் ஊற்றி என் பக்கம் நகர்த்தினாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். எங்கேயும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் திரும்பத் தொடங்கியிருக்க மாட்டேன்.

அவள் கேட்டுவிட்டு விரல்விட்டு மாதங்களை எண்ணினாள்.

"அக்டோபர்லயா?"

"பாத்தது அக்டோபர்ல. உறுதியானது நவம்பர்ல."

"நவம்பர் கடைசி வரைக்கும் ரோடு தெறந்துதான் இருந்துச்சு" என்றாள்.

கத்தியிருக்கலாம். அந்தத் தேநீரை என் முகத்தில் ஊற்றியிருக்கலாம். அவள் என்னைப் பார்க்காமல், தன்னிடமே பேசுவது போலச் சொன்னாள்: "போன மாசம் வயிறு வலிக்குதுன்னா. பள்ளிக்கூடம் போகப் பிடிக்காம நடிக்கிறான்னு நெனச்சேன். அடிச்சேன். முதுகுல ரெண்டு அடி. அழுதுக்கிட்டே போனா." பிறகு, "நீ வந்து என்கிட்ட சொல்லிட்டே. நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

 

"போ" என்றாள். "திட்டலாம்னு பாத்தா அதுக்குக்கூட தெம்பு இல்ல. போயிரு."

வண்டி கணவாய் ஏறும்வரை அழுகை வரவில்லை. அப்புறம் நிற்கவில்லை. ஓட்டுநர் பாட்டை அணைத்தார்.

ஏப்ரல் 19

துறைக் கூட்டம். என்னை அறிவியல் வட்டத்திலிருந்து நீக்கினார்கள். ஒரு வருடம் ஆராய்ச்சிப் பக்கம் வரக்கூடாது. படிப்பைத் தொடரலாம். நியாயம்தான். குறைவுகூட.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. நஸீரா எசெனோவ்னா எழுந்து, "மாணவர்களை ஊர் ஊரா அனுப்பிட்டு, வீடுகளுக்குச் சொன்னாங்களான்னு நான் ஒரு தடவைகூட விசாரிக்கல. என் தப்பையும் எழுதிக்கோங்க" என்றார். எழுதிக்கொண்டார்கள்.

மே 6

இன்று வார்டில் பெக்தூர் பேசினான். "அந்த நாலாம் படுக்கைக்கு ட்ரிப்ஸ் முடிஞ்சிருச்சு, மாத்து." ஒரு மாதத்தில் முதல் பேச்சு.

மாற்றினேன்.

மே 30

கல்லீரல் அறுவை சிகிச்சை ஒன்றைப் பார்க்க அழைத்தார்கள். போகவில்லை. கழிவறையில் போய் நின்றுகொண்டேன். இப்படியே இருந்தால் நான் எப்படி டாக்டராவது? ஆகத்தான் வேண்டுமா?

செப்டம்பர் 28

ஆராய்ச்சி இல்லை இது. கட்டுரை இல்லை, எண் இல்லை. மாவட்ட ஆஸ்பத்திரி தானே நடத்தும் முகாம். ஸ்கேன் தெரிந்த மாணவர்கள் வரலாம் என்றார்கள். பெக்தூர் தன் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதிவிட்டான். கேட்டதற்கு, "பெட்டி தூக்க ஆள் வேணும்" என்றான். அவ்வளவுதான்.

சாரி-தாலா பள்ளிக்கூடம். இந்த முறை எங்களோடு ஸ்கேன் நிபுணரே வந்திருந்தார். பெற்றோர் யாராவது கூட இல்லாமல் ஒரு பிள்ளையும் படுக்கக்கூடாது, என்ன இருக்கிறதென்று சொல்லாமல் ஒருவரையும் அனுப்பக்கூடாது. அப்படித்தான் செய்தோம்.

மத்தியானத்துக்கு மேல் குல்பாரா வந்தாள். இடுப்பில் நான்கு வயதுப் பையன்.  நான் எழுந்து பெக்தூருக்கு இடம் விட்டேன்.

"நீயே பாரு" என்றாள். "பாத்துட்டு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

பையன் சட்டையைத் தூக்கிப் படுத்தான். கல்லீரலை முழுவதும் பார்த்தேன். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். நுரையீரல் ஓரம், சிறுநீரகம், எல்லாம். நிபுணரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சரியென்று தலையசைத்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"சுத்தமா இருக்கு. எதுவும் இல்ல."

அவள்  பையனின் வயிற்றைத் தன் தலைத்துணியால் துடைத்து, சட்டையை இழுத்துவிட்டு, வெளியே போனாள்.

நாங்கள் பெட்டிகளைக் கட்டத் தொடங்கியிருந்தோம். கதவு திறந்தது. குல்பாரா திரும்பி வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால், மாவு பிசைந்த கையைக்கூடக் கழுவாத ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும்.

"இவ வரமாட்டேன்னு வீட்டுலயே உக்காந்திருந்தா" என்றாள். "இதுங்களையும் பாரு."