அமைதிப் பட்டை

டைட்டன் நிலையம், மருத்துவப் பதிவு
பதிபவர்: டாக்டர் குமுதவல்லி

நாள் 212, 09:10

காற்றழுத்தம் சீர். வெளியே, சனிக் கோளின் இந்த நிலாவில், மைனஸ் 179 டிகிரி. நிலையத்தில் இரண்டு பேர்: நான், பொறியாளர் அறவாழி. இருவரும் நலம்.

நான் உருவாக்கிய அமைதிப் பட்டையின் சோதனை இன்று ஆரம்பம். நெற்றியைச் சுற்றிக் கட்டும் மெல்லிய பட்டை. வலி தெரியும், ஆனால் மனம் வதைபடாது. பயம், ஏக்கம், துக்கம் எல்லாவற்றுக்கும் அப்படியே. இருப்பது ஒரே ஒரு பட்டை. அறவாழிதான் முதலில் கட்டிக்கொள்வதாக இருந்தது. மறுத்துவிட்டார். கோலார் தங்கவயலில் தலைமுறைகளாகப் பௌத்தக் குடும்பம் அவருடையது.

"துக்கத்தை முழுசா அறிஞ்சுக்கணும்னுதான் புத்தர் சொன்னார், டாக்டர். மரத்துப்போகச் சொல்லலை. துக்கத்துக்கு வேர் ஆசை. எனக்கு வலியே கூடாதுங்கிறதும் ஆசைதானே?"

நீங்கள் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்ததை நான் செய்து முடித்துவிட்டேன் என்றேன். சிரித்தார். பட்டையை நானே கட்டிக்கொண்டேன்.

நாள் 219, 16:40

பட்டை நன்றாக வேலை செய்கிறது. பூமியிலிருந்து தம்பியின் செய்தி: அப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டது. படித்தேன். வயிறு நிறையச் சாப்பிட்டேன். அறவாழி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காரணம் புரியவில்லை.

நாள் 226, 11:05

வெளியே பனியைத் துளையிடும் கொட்டகையிலிருந்து அறவாழி வானொலியில்:

"டாக்டர், பனிப்பாறை சரிஞ்சு கால் மாட்டிக்கிச்சு. உடை கிழிஞ்சு சூடு போகுது. சீக்கிரம் வாங்க."

சூடு போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கையிலிருந்த ரத்தப் பரிசோதனையை முடித்தேன். காபி போட்டுக் குடித்தேன்.

"டாக்டர்? நான் பேசறது கேக்குதா?"

கேட்கிறது என்று பதில் சொன்னேன்.

"வாங்கம்மா! கால் போயிடும்!"

கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

நாள் 226, 18:30

இடது கால் முழங்காலுக்குக் கீழே உறைந்துபோயிருந்தது. வெட்டி எடுத்தேன். அறுவை சிகிச்சை வெற்றி.

நாள் 228, 13:20

வலி மருந்து தீர்ந்துவிட்டது. அடுத்த கப்பல் வரப் பல வாரம் ஆகும். அறவாழி தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தார். இன்று வாய்விட்டுக் கேட்டார்.

"பட்டையைக் கொடுங்க டாக்டர். அன்னிக்குப் பேசினதெல்லாம்... விடுங்க. தாங்க முடியலை."

கழற்றி அவருக்குக் கட்டினேன்.

நாள் 228, 14:50

எழுத வரவில்லை.

காபி குடித்தேன். அவர் அங்கே கத்த, நான் இங்கே உட்கார்ந்து காபி குடித்தேன். சர்க்கரை குறைவென்று இன்னும் கொஞ்சம் போட்டேன். மேலே அதை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அப்பா.

நாள் 231, 10:00

மன்னிப்புக் கேட்டேன். கட்டிலோரம் மண்டியிட்டு, மிச்சமிருந்த ஒற்றைக் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"பரவாயில்லை, டாக்டர்," என்றார். காலையில் கஞ்சி ஆறிப்போச்சு என்று சொன்ன அதே குரல்.

என்னை மன்னித்தது பட்டை. அறவாழி இல்லை.

நாள் 233, 10:15

காயத்தில் சீழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. வலி எந்த இடத்தில் என்று நோயாளி சொன்னால்தான் தெரியும்; பட்டை கட்டியிருப்பவருக்கு அதைச் சொல்லத் தோன்றாது. ஆகவே பட்டையைக் கழற்றினேன்.

இல்லை. பொய். காயம் நன்றாக ஆறிவருகிறது.

இதைப் படிப்பவர் யாரானாலும் சரி, உங்களிடம் சொல்லிவிடுகிறேன். வலியோடு இருக்கும் அறவாழியின் வாயால் ஒரு வார்த்தை எனக்கு வேண்டியிருந்தது. அதற்காகக் கழற்றினேன். துக்கத்துக்கு வேர் ஆசை என்றார். ஆசை என்னுடையது, துக்கம் அவருக்கு.

அவர் உடம்பு முறுக்கிக்கொண்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் பட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றேன். அவராகச் சொல்லட்டும் என்று நின்றேன்.

இந்தத் தடவை அவர் பட்டையைக் கேட்கவில்லை. மூச்சை மெல்ல இழுத்து இழுத்து விட்டார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"நான் கூப்பிட்டது கேட்டுச்சுல்ல?"

கேட்டது என்றேன்.

"அப்புறம் ஏம்மா உடனே வரலை?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குரலில் கோபமே இல்லை. அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். பதில் வரும்வரை அந்த வலியோடு காத்திருக்கத் தயாராக இருந்தார்.

என்னால் முடியவில்லை.

பட்டையை எடுத்தேன். "வேணாம், சொல்லுங்க," என்று கையைத் தூக்கித் தடுத்தார். அந்தக் கையைப் பிடித்துப் படுக்கையில் அழுத்திக்கொண்டு, கட்டிவிட்டேன்.

நாள் 233, 12:30

பக்கத்தில்தான் படுத்திருக்கிறார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறார். என்னைப் பார்த்தால் சிரிக்கிறார். எதுவும் கேட்பதில்லை.